அண்ணன் படையலில் கார்ப் குறைந்த பீர்

உழவர்கரை,
ஞாயிற்றுக்கிழமை மதியம்

பெங்களூரில் மகள் வீட்டில் முட்டிக்கு ஓய்வு கொடுத்துக்கொண்டிருக்கும் மரியாதைக்குரிய அண்ணி அஞ்சலாட்சி அவர்களுக்கு, உங்கள் கொழுந்தன் கலியபெருமாள் கைகூப்பி எழுதிக்கொள்வது. இங்கே உங்கள் ஓரகத்தி அமுதவல்லி நலம். ஆஸ்திரேலியாவிலிருந்து லீவில் வந்திருக்கும் பையன் வெற்றிச்செல்வன் நலம். நான் நலமா என்பதை மட்டும் கடிதத்தை முழுக்கப் படித்துவிட்டு நீங்களே முடிவு செய்துகொள்ளவும். ஆபரேஷன் ஆன கால் எப்படி இருக்கிறது? தயவுசெய்து மாடிப்படி ஏற வேண்டாம். நீங்கள் கேட்ட பென்ஷன் காகிதங்கள் பீரோவில் பத்திரமாக இருக்கின்றன. அண்ணன் வழக்கம்போல மில்லிலிருந்து கொண்டுவந்த நூலால் இறுக்கிக் கட்டி வைத்துவிட்டுப் போயிருக்கிறார். அந்த முடிச்சை அவிழ்க்க எனக்கு வரவில்லை, வெட்டவும் மனசு வரவில்லை. வெற்றியிடம் கட்டோடு கொடுத்தனுப்புகிறேன்.

கையில் போனை வைத்துக்கொண்டு இவன் எதற்குக் கடிதம் எழுதுகிறான் என்று நினைப்பீர்கள். அமுதா போனை ஸ்பீக்கரில் போடாமல் யாரையும் பேச விடுவதில்லை. நான் இப்போது சொல்லப்போவது அவள் காதில் விழுந்தால் இந்த வீட்டில் எனக்குக் கிடைத்துவரும் கொஞ்சநஞ்சச் சோறும் நின்றுபோகும். அவள் பக்கத்து வீட்டு லூர்துசெல்வியிடம் போயிருக்கும் நேரம் பார்த்து, கதவைச் சாத்திக்கொண்டு எழுதுகிறேன்.

அண்ணனுடைய முதல் வருஷப் படையலன்று நடந்ததை அமுதா உங்களுக்குச் சொல்லிவிட்டாள். அண்ணன் போட்டோவிலிருந்து கை நீட்டி என் உயிரைக் காப்பாற்றினார் என்று சொன்னாள். நீங்கள் அந்தப் பக்கம் அழுதது இந்தப் பக்கம் கேட்டது. பிறகு என்னிடம், "உங்க அண்ணன் நெஜமாவே வந்தாரா தம்பி? நா இல்லாம வச்ச படையல ஏத்துக்கினாரா?" என்று கேட்டீர்கள். நான் லைன் சரியில்லை அண்ணி என்று சொல்லி வைத்துவிட்டேன். லைன் நன்றாகத்தான் இருந்தது. காலை ஊன்ற முடியாமல், அவருடைய படையலுக்கு வர முடியவில்லையே என்று நீங்கள் ஒரு மாதமாகக் கலங்கிக்கொண்டிருந்தது எனக்குத் தெரியும். அதற்காகப் பொய் சொல்லி உங்களைச் சமாதானப்படுத்துவதா என்று அன்றிலிருந்து எனக்குத் தூக்கமில்லை. இந்த வீட்டுக்கு நீங்கள் வந்த நாளிலிருந்து உங்களிடம் நான் பொய் சொன்னதில்லை. ஆகவே நடந்தது நடந்தபடி எழுதுகிறேன். படித்தபின் கிழித்துப் போடவும்.

நீங்கள் பெங்களூர் போன பிறகு இந்த வீட்டில் புதிதாக ஒரு சாமி குடியேறியிருக்கிறது. அதன் பெயர் கார்ப், அதாவது மாவுச்சத்து. எனக்கும் சர்க்கரை என்று ரிப்போர்ட் வந்த அன்று அமுதா முதலில் என் செருப்பைக் கழற்றச் சொன்னாள். அண்ணனுக்குக் காலில் ஒரு சின்னப் புண்ணாக ஆரம்பித்தது எங்கே போய் முடிந்தது என்பதைக் கூடவே இருந்து பார்த்தவள் அல்லவா. ராத்திரி முழுக்க என் கால்மாட்டில் உட்கார்ந்து விரல் விரலாகப் பிரித்துப் பார்த்தாள். மறுநாள் காலையில் எழுந்தபோது சமையலறையில் சர்க்கரை டப்பா இல்லை, வெல்லம் இல்லை, ரவை இல்லை, உருளைக்கிழங்கு இல்லை. எல்லாவற்றையும் மூட்டையாகக் கட்டிப் பக்கத்து வீட்டு லூர்துசெல்விக்குக் கொடுத்துவிட்டாள். அந்தம்மாள் ஸ்தோத்திரம் சொல்லி வாங்கிக்கொண்டது. அன்று முதல் காலிஃபிளவரைத் துருவி வேகவைத்துத் தட்டில் போட்டு, அதற்குச் சோறு என்று பெயரும் வைத்திருக்கிறாள். சாம்பார் ஊற்றினால் அது அடையாளம் தெரியாமல் எங்கேயோ போய்விடுகிறது அண்ணி. பிசைகிற கை சும்மா சுற்றிச் சுற்றி வருகிறது. எதைக் கேட்டாலும் போனைத் தட்டிப் பார்த்து இதில் இத்தனை கார்ப், அதில் அத்தனை கார்ப் என்கிறாள். ஒரு கல்யாணப் பந்தியில் என் இலைக்கு வந்த கேசரியை எடுத்துப் பக்கத்து இலைக்காரருக்கு வைத்தாள். அவர் யாரென்று எங்கள் இரண்டு பேருக்குமே தெரியாது.

ஞாயிற்றுக்கிழமை பீரும் இதில்தான் போயிற்று. அதுதான் எனக்குத் தாங்கவில்லை. உங்களுக்குத் தெரியாததா? எத்தனை வருஷமாக நானும் அண்ணனும் ஞாயிறு மதியம் ஒரு பெரிய பாட்டிலை இரண்டு எவர்சில்வர் டம்ளரில் பிரித்துக் குடித்தோம். அண்ணன்தான் ஊற்றுவார். டம்ளரைச் சாய்த்துப் பிடித்து, நுரை வராமல் முதலில் எனக்கு ஊற்றிவிட்டு, கடைசியில் பொங்குகிற நுரையைத் தனக்கு வைத்துக்கொள்வார். கேட்டால் நுரைதான் ருசி என்பார். எது ருசி என்று எனக்குத் தெரியாதா அண்ணி? சர்க்கரை வந்த பிறகும் அவர் அந்த வேலையை விடவில்லை. எனக்கு ஊற்றிக் கொடுத்துவிட்டு, தான் மோர் டம்ளரைக் கையில் வைத்துக்கொண்டு எதிரே உட்கார்ந்திருப்பார்.

இந்த நிலைமையில்தான் நம் வெற்றி வந்து இறங்கினான். ஊர் உலகமெல்லாம் புதுச்சேரியிலிருந்து பாட்டிலைத் துணிக்குள் சுற்றி எடுத்துக்கொண்டு, செக்போஸ்ட்டில் நெஞ்சு படபடக்க வெளியே போகும். வெளிநாட்டிலிருந்து பெட்டியில் பீரை வைத்துப் புதுச்சேரிக்குள் கொண்டுவந்த முதல் மனிதன் நம் பையன்தான். கார்ப் குறைந்த பீராம். அங்கே கடைகளிலெல்லாம் இதுதான் கிடைக்கிறதாம். வெறும் பீர் என்றிருந்தால் அமுதா அப்படியே சாக்கடையில் ஊற்றியிருப்பாள். டின்னில் கார்ப் என்று எழுதியிருந்ததைப் பார்த்ததும் கண்ணாடியைத் தேடிப் போட்டுக்கொண்டு, ஜாதகம் பார்ப்பதுபோல் சுற்றிச் சுற்றிப் படித்தாள். மகனை இரண்டு தரம் சத்தியம் செய்யச் சொன்னாள். பிறகு, ஞாயிற்றுக்கிழமை ஒரு டின் குடிக்கலாம் என்று உத்தரவு கொடுத்தாள். அன்று அவள் முகத்தில் இருந்த சந்தோஷத்தைப் பார்த்தீர்களானால் பீர் அவளுக்குத்தான் கிடைத்தது என்று நினைப்பீர்கள். என்னிடமிருந்து ஒவ்வொன்றாகப் பிடுங்கி அவளுக்கும் அலுத்துப்போயிருந்தது.

குடித்துப் பார்த்தேன். பீரைக் கொஞ்ச நாள் பத்தியத்தில் வைத்த மாதிரி இருந்தது. ஆனாலும் பீர்தான். ஜில்லென்று இறங்கியது, நுரைத்தது, ஏப்பம் வந்தது, வேறென்ன வேண்டும்? இது ஒரு இரண்டு வருஷம் முன்னால் நம் கைக்கு வந்திருந்தால் அண்ணன் மோர் டம்ளரோடு உட்கார்ந்திருக்க வேண்டாமே என்று நினைத்தேன். கண்ணில் தண்ணீர் வந்துவிட்டது. அமுதா பார்த்துவிட்டு, பீர் கசக்கிறதா என்று கேட்டாள். ஆமாம் என்றேன்.

இங்கே ஒரு விஷயத்தை மறைக்காமல் எழுதிவிடுகிறேன். சாதா பீரில் இருக்கும் கார்ப் இதில் இல்லை என்றால், அந்தக் கார்ப் என் கணக்கில் மிச்சம்தானே? மிச்சமானதை நான் எடுத்துக்கொள்வதில் என்ன தப்பு? அந்த நியாயப்படி கோபிநாத் கடையில் கமர்கட்டு வாங்கினேன். பிளாஸ்டிக் கவரில் போட்டு, ரப்பர் பேண்டு சுற்றி, கூடத்தில் மாட்டியிருக்கும் அண்ணன் போட்டோவுக்குப் பின்னால் செருகி வைத்தேன். அமுதா இந்த வீட்டில் கை வைக்காத இடம் அது ஒன்றுதான். மாலை போடுவதும் பொட்டு வைப்பதும் என் வேலை. பொட்டு வைக்க ஸ்டூலில் ஏறும்போதெல்லாம் ஒன்று எடுத்து வாயில் அடக்கிக்கொண்டு கீழே இறங்குவேன். தினமும் அண்ணனுக்குப் பொட்டு வைக்கிறாரே, என்ன பாசம் என்று லூர்துசெல்வி அமுதாவிடம் சொல்லி மெச்சியதாம்.

படையல் நாள் வந்தது. நீங்கள் சொல்லியனுப்பியபடி பிள்ளைச்சாவடிக்கே போய், கரைக்கு வந்த வஞ்சிரத்தை வாங்கி வந்தேன். அதிரசம், வாழைப்பழம், பாயசம், அண்ணன் குடிக்கிற பெரிய பாட்டில் என்று நீங்கள் சொன்னதையெல்லாம் அமுதாவிடம் ஒப்பித்தேன். அவள் கேட்டுக்கொண்டு, "செத்தவருக்கு எத வச்சாலும் கடைசியில துன்னப்போறது உயிரோட இருக்கிறவருதான்" என்றாள். இலையில் காலிஃபிளவர் சோறு விழுந்தது. அதிரசம் பாதாம் மாவில் வெல்லத்துக்குப் பதில் சீனித்துளசி போட்டுச் சுட்டது. பாயசமும் அப்படியே. வாழைப்பழம் வைக்க வேண்டிய இடத்தில் வெள்ளரிக்காய் உட்கார்ந்திருந்தது. பெரிய பாட்டிலுக்குப் பதிலாக வெற்றி கொண்டுவந்த டின். மீன் மட்டும்தான் மீனாக இருந்தது. மன்னித்துவிடுங்கள் அண்ணி. டின் விஷயத்தில் மட்டும் நான் மனசார ஒப்புக்கொண்டேன். உடம்புக்கு ஆகாது என்று கடைசிவரை குடிக்காமல் போனவருக்கு, ஆகும்படியான ஒன்றை வைக்கிறோம் என்று தோன்றியது.

கற்பூரம் காட்டி, காக்காய்க்கு வைக்க ஒரு சின்ன இலையை எடுத்துக்கொண்டு மொட்டை மாடிக்குப் போனேன். காக்காய் எடுத்தால்தான் கீழே சாப்பாடு. சாப்பாடு இதோ என்று நினைத்துச் சர்க்கரை மாத்திரையை அப்போதே போட்டுக்கொண்டிருந்தேன். காக்காய் வந்தது. கைப்பிடிச் சுவரில் உட்கார்ந்தது. இலையை ஒரு கண்ணால் பார்த்தது, மறு கண்ணாலும் பார்த்தது. பறந்து போய்விட்டது. கூட இரண்டை அழைத்துக்கொண்டு வந்து காட்டியது. அவையும் பார்த்துவிட்டுப் போயின. நான் தொண்டை வற்றக் கத்தினேன். கீழேயிருந்து, எடுத்துதா, எடுத்துதா என்று அமுதா கேட்டுக்கொண்டே இருந்தாள். காலையிலிருந்து விரதம் வேறு. வெயில் வேறு. அண்ணனோடு உட்கார்ந்து குடிக்கலாம் என்று வேட்டி மடிப்பில் ஒரு டின் எடுத்துப் போயிருந்தேன். கார்ப் இல்லாததுதானே, வெறும் வயிற்றில் குடித்தால் என்ன என்று உடைத்தேன்.

நன்றாக இருந்தது அண்ணி. அதை மறைப்பானேன். அண்ணனுக்குக் கொஞ்சம் சுவரில் ஊற்றினேன். ஊரை எட்டிப் பார்த்துக்கொண்டு, பிள்ளை எப்படி இருக்கிறான், உங்கள் கால் ஆபரேஷன், இந்தக் காலிஃபிளவர் கொடுமை எல்லாவற்றையும் அவரிடம் பேசினேன். ஒரு வருஷத்துக்குப் பிறகு மனசு லேசாக இருந்தது. அப்புறம் தலையும் லேசாகிவிட்டது. சட்டை நனைகிற அளவுக்கு வேர்த்தது. கை நடுங்கியது. படியில் எப்படி இறங்கினேன் என்று எனக்கே தெரியாது. கூடத்து நாற்காலியில் வந்து விழுந்தேன்.

அமுதா ஒரே பார்வையில் கண்டுபிடித்துவிட்டாள். சர்க்கரை இறங்கிவிட்டது, ஏதாவது இனிப்பு கொண்டுவா என்று மகனைப் பார்த்துக் கத்தினாள். அவன் சமையலறைக்கு ஓடினான். டப்பா டப்பாவாகத் திறந்தான். இந்த வீட்டில் இனிப்பு என்று ஒரு பொட்டு இல்லை. இருந்த எல்லாமும் லூர்துசெல்வி வீட்டில் இருக்கிறது. லூர்துசெல்வியோ வீட்டைப் பூட்டிக்கொண்டு படையலுக்கு வந்து நம் கூடத்தில் உட்கார்ந்திருக்கிறது. அந்தம்மாள் பதற்றத்தில் முந்தானை, இடுப்பு, பை என்று சாவியைத் தேடுகிறது, தேடுகிறது, தேடிக்கொண்டே இருக்கிறது. அமுதா தலையில் அடித்துக்கொண்டு, "நானே தொடச்சி வழிச்சிக் குடுத்துட்டனே, நானே குடுத்துட்டனே" என்று அழுதாள். அவள் அப்படி அழுது நான் பார்த்ததில்லை.

இனிப்பு எங்கே இருக்கிறது என்று தெரிந்த ஒரே ஆள் நான். நாக்கு புரளவில்லை. அந்த நிலையிலும், சொன்னால் மாட்டிக்கொள்வோமே என்று ஒரு கணம் யோசித்தேன். அண்ணி, மனுஷ புத்தியைப் பாருங்கள். பிறகு அமுதா முகத்தைப் பார்த்தேன். கையைத் தூக்கி அண்ணன் போட்டோவைக் காட்டினேன். எவ்வளவு முடியுமோ அவ்வளவு அழுத்தமாகக் காட்டினேன்.

அவர்கள் என்ன நினைத்தார்கள் தெரியுமா? அண்ணன் என்னைக் கூப்பிடுகிறார் என்று நினைத்துவிட்டார்கள். லூர்துசெல்வி சாவி தேடுவதை விட்டுவிட்டு முழங்கால் போட்டு ஜெபம் சொல்ல ஆரம்பித்தது. அமுதா போட்டோவுக்குக் கீழே போய் நின்று, சுவரில் இரண்டு கையாலும் ஓங்கி ஓங்கி அடித்தாள். "மாமா, அவர கூட்டிக்கினு போவாதீங்க. உங்க தம்பிய எங்கிட்ட உட்டுடுங்க மாமா" என்றாள். சுவரே அதிர்ந்தது. அண்ணன் போட்டோ ஆடியது, பக்கத்தில் மாட்டியிருக்கும் அப்பா அம்மா படமும் ஆடியது. மேலேயிருந்து ஒரு காகிதப் பொட்டலம் பொத்தென்று படையல் இலையில், மீனுக்குப் பக்கத்தில் வந்து விழுந்தது.

அமுதா அதை எடுத்து, கட்டியிருந்த நூலைப் பல்லால் கடித்து அறுத்தாள். உள்ளே கமர்கட்டு. வாயில் போட்டால் தொண்டையில் சிக்கும் என்று, படையலில் இருந்த பீர் டின்னை எடுத்து அதன் அடியால் நங்கு நங்கென்று இடித்துப் பொடியாக்கினாள். தண்ணீரில் கரைத்துச் சொட்டுச் சொட்டாக என் வாயில் விட்டாள். ஒரு மாதமாக என் வாய்க்குள் சர்க்கரை போகாமல் காவல் காத்த கை அது. கொஞ்ச நேரத்தில் நடுக்கம் நின்றது. கண் தெளிந்ததும் முதலில் பார்த்தது, அமுதா அண்ணன் போட்டோவைப் பார்த்துக் கும்பிட்டுக்கொண்டிருந்ததைத்தான். லூர்துசெல்வி வில்லியனூர் மாதாவுக்கு மெழுகுவத்தி நேர்ந்துகொண்டது. இலைக்கு முன்னால் வைக்கலாம் என்று வெற்றி அந்த டின்னை உடைத்தான். அத்தனை இடி வாங்கிய டின் சும்மா இருக்குமா? சீறிக்கொண்டு போய் அண்ணன் போட்டோ முழுக்க நுரையை அடித்தது. எல்லோரும் வாயைப் பிளந்து நின்றார்கள். நுரை அவருடைய பங்குதானே.

டாக்டரிடம் போனோம். மாத்திரையைப் போட்டுக்கொண்டு சாப்பிடாமல் வெயிலில் நின்றதற்கு ஒரு திட்டு, பீர் குடித்ததற்கு இரண்டு திட்டு. "கார்ப் இல்லன்னா ஆல்கஹால் இல்லன்னு எவன் சொன்னான்?" என்று கேட்டார். நல்ல கேள்விதான். நாங்கள் யாரும் அதை யோசிக்கவில்லை. வீட்டுக்குத் திரும்பி மாடிக்குப் போய்ப் பார்த்தால், காக்காய் இலையில் வஞ்சிரம் மட்டும் காணோம். காலிஃபிளவர் வைத்தது வைத்தபடி இருக்கிறது. மாமா வந்து மீனை எடுத்துக்கொண்டார் என்றாள் அமுதா. எனக்கு லூர்துசெல்வி வீட்டுப் பூனை மேல்தான் சந்தேகம்.

இப்போது இங்கே நிலவரம் மாறிவிட்டது. சமையலறையில் சர்க்கரை டப்பா திரும்ப வந்திருக்கிறது, எனக்கில்லை, ஆபத்துக்கு. நான் வெளியே கிளம்பினால் ஒரு சின்னப் பொட்டலம் சர்க்கரையை அமுதாவே என் சட்டைப் பையில் வைக்கிறாள். மத்தியானம் ஒரு கரண்டி நிஜச் சோறு கிடைக்கிறது. பீர் இருக்கிறது, ஆனால் சாப்பிட்ட பிறகுதான், அதுவும் பாதி டின், அவள் எதிரே உட்கார்ந்திருக்கும்போது மட்டும். அவளுக்கு ஊற்றத் தெரியவில்லை, டம்ளர் முழுக்க நுரை. நுரைதான் ருசி என்று சொல்லிக் குடிக்கிறேன்.

ஆகவே அண்ணி, அண்ணன் வந்தாரா என்று கேட்டீர்களே. வரவில்லை. விழுந்தது நான் திருட்டுத்தனமாக வைத்த கமர்கட்டு. இதைச் சொல்ல எனக்கு மனசே இல்லை. ஆனால் உங்களுக்குத் தெரியாமல் ஒன்றை வைத்துக்கொண்டு நாளைக்கு உங்கள் முகத்தில் எப்படி விழிப்பேன்? இதில் இன்னொரு வயிற்றெரிச்சல், வாங்கிச் சில நாள்கூட ஆகாத அந்தக் கமர்கட்டு அன்று கல்லாக இருந்தது, காறல் வாடை வேறு. நேற்று கோபிநாத் கடைக்குப் போய், எந்தக் காலத்துச் சரக்கை என் தலையில் கட்டினாய் என்று சண்டை பிடித்தேன். அவன் பிள்ளைகள் மேல் சத்தியம் செய்கிறான், புதுசு என்று. கடைசியில் புதுப் பொட்டலம் ஒன்று சும்மா கொடுத்து அனுப்பினான்.

மகளுக்கும் மாப்பிள்ளைக்கும் எங்கள் அன்பு. பேரப்பிள்ளைகளுக்கு முத்தம். நீங்கள் எழுந்து நடந்து, இந்த வீட்டுப் படியை உங்கள் காலாலேயே ஏறி வரும் நாளைப் பார்த்துக்கொண்டிருக்கிறோம். அடுத்த படையலை நீங்களே வைக்க வேண்டும், நிஜச் சோறு போட்டு.

உங்கள் ஆசியை வேண்டும்
கொழுந்தன் கலியபெருமாள்

பி.கு.: அண்ணி, மேலே எழுதியதை நம்ப வேண்டாம். கடிதத்தை மடித்து வைத்துவிட்டு, கோபிநாத் கொடுத்த புதுப் பொட்டலத்தை ஒளித்துவைக்க ஸ்டூல் போட்டு ஏறினேன். அண்ணன் போட்டோவுக்குப் பின்னால் கையை விட்டால், என்னுடைய பிளாஸ்டிக் கவர் ரப்பர் பேண்டோடு வைத்த இடத்திலேயே இருக்கிறது. ஒன்று வாயில் போட்டுப் பார்த்தேன், புத்தம்புதுசு. அப்படியானால் அன்று விழுந்தது எது? பக்கத்தில் அப்பா அம்மா படத்துக்குப் பின்னால் பார்த்தேன். படத்தைத் தாங்கும் அடிக்கட்டையில் ஒரு விரல் தூசி, அதில் ஒரு பொட்டலம் இருந்த இடம் மட்டும் சுத்தமாக இருக்கிறது. இறங்கி, பீரோவுக்கு அடியில் துடைப்பத்தை விட்டுத் துழாவினேன். அமுதா கடித்துத் துப்பிய நூல் வந்தது. மில் நூல். இந்த வீட்டில் கமர்கட்டைக்கூட நூலால் கட்டுகிறவர் யார் இருந்தார்? எனக்கு எதிரே மோர் குடித்துக்கொண்டு உட்கார்ந்திருந்த மனுஷன், நமக்கெல்லாம் தெரியாமல் அங்கே வைத்துவிட்டுப் போயிருக்கிறார். கோபப்படாதீர்கள், அவரும் என்ன செய்வார். நாளைக்குக் கோபிநாத்திடம் மன்னிப்புக் கேட்கப் போகிறேன். அமுதா சொன்னதுதான் சரி. வந்தார் அண்ணி. நூலை இந்தக் கவரிலேயே வைத்திருக்கிறேன், பார்த்துப் பிரிக்கவும். அமுதா கடித்தது வேறு இடத்தில். முடிச்சு அவர் போட்டபடியே இருக்கிறது.